முப்பத்தொன்றரை அங்குலம்

செய்தி மதிவதனிக்கு வந்தபோது மணி பதினொன்று இருபது. ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவில் விகிதக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். அதே செய்தி சினேகாவுக்குப் பத்து நாற்பத்தைந்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. நடுவில் இருந்த அந்த முப்பத்தைந்து நிமிடத்தை மதிவதனியால் அன்றும் விழுங்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை.

அதில் யாருடைய தப்பும் இல்லை. அவள் கணவர் பிரகாஷ், வேங்கிக்காலில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரே புங்கமரத்தடியில் மேசை போட்டு வண்டிக்காரர்களுக்குப் படிவம் எழுதிக் கொடுக்கிறவர். அன்று காலை ஒரு லோடு ஆட்டோவுக்கு அடியில் படுத்து, அடிச்சட்டத்தில் பொறித்த சேஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். வெயில் ஜாஸ்தியாக இருக்கிறது என்று பக்கத்து மேசை வேடியப்பனிடம் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

வேடியப்பன் அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மதி என்று தேடினான், மதிவதனி என்று தேடினான், ஒய்ஃப் என்றும் தேடினான். ஒன்றும் வரவில்லை. பிரகாஷ் தன் மனைவியின் எண்ணை ‘வீடு’ என்ற பெயரில் வைத்திருந்தார் என்பது அந்தப் பதற்றத்தில் அவனுக்கு எட்டவில்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. திரையில் ‘சினேகா ஸ்டுடியோ’ என்று வந்தது. விஷயத்தை அவளிடம் சொன்னான். அவளிடமும் மதிவதனியின் எண் இல்லை, பள்ளிக்கூடத்தின் பெயர் மட்டும் தெரியும். அவள்தான் எண்ணைத் தேடிப் பிடித்துத் தலைமையாசிரியை அறைக்குச் சொன்னாள். ஆக, தன் புருஷன் விழுந்துவிட்டார் என்பதே மதிவதனிக்குச் சினேகா வழியாகத்தான் வந்தது.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக மதியத்துக்கு முன்பே ஊருக்குள் பாதி வழிகளை அடைத்துவிட்டார்கள். மதிவதனி ஏறிய ஆட்டோ சுற்றிச் சுற்றிப் போனது. சினேகாவின் ஸ்கூட்டி எந்தச் சந்திலும் நுழையும். மதிவதனி ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது சினேகா அங்கே நின்றிருந்தாள். கையில் பிரகாஷின் மூக்குக்கண்ணாடி. வேடியப்பன் சுவரோரம் தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தான். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“அக்கா” என்று மட்டும் சொல்லிச் சினேகா கண்ணாடியை நீட்டினாள்.

மதிவதனி வாங்கிக்கொண்டாள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. வண்டிக்கடியில் புரண்டு எழுகிற மனிதரின் கண்ணாடியில் எந்நேரமும் தூசி இருக்கும், கிரீஸ் விரலின் தடம் இருக்கும். யாரோ துடைத்திருக்கிறார்கள். அழுகை வருவதற்கு முன்னால் அவளுக்குள் வந்த முதல் நினைப்பு அதுதான். பின்னால் அதற்காக வெட்கப்பட்டாள். ஆனாலும் முதலில் வந்தது அதுதான்.

பிரகாஷ் தண்டராம்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். மணிலாக் கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். ஆட்டோமொபைல் டிப்ளமோ சேர்ந்து, இரண்டு பேப்பர் பாக்கியோடு நின்றுபோனது. செங்கம் ரோட்டில் லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில் ஏழு வருடம் இருந்தார். பிறகு புங்கமரத்தடி. அதிகம் பேச மாட்டார், யாரோடும் சண்டைக்குப் போக மாட்டார். சம்பளக்காரி வீட்டில் இருக்கிறாள் என்று யாராவது கிண்டல் செய்தால், ஆமாம், எனக்கென்ன குறை என்பார். ஒரே மகள் கீதாஞ்சலி சென்னையில் நர்சிங் படிக்கிறாள். அவ்வளவுதான் அவர் வாழ்க்கை என்று மதிவதனியும் பத்து வருடம்போல நம்பியிருந்தாள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் கலசபாக்கத்தில் அவள் பெரியப்பா வீட்டுக் கல்யாணம். கூடத்துச் சுவரில் ஒரு பழைய படம். தலைப்பாகை கட்டிய நாலு பேர் ஒரு காரைச் சுற்றி நிற்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாம் முகத்தைப் பார்த்து இன்னார் இன்னார் என்று சொல்லிக்கொண்டிருக்க, பிரகாஷ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஏறிக் காரைப் பார்த்தார். அந்த வீட்டில் அதைத் தலைமுறையாகத் தாத்தாவின் அம்பாசடர் என்றே சொல்லிவந்தார்கள்.

“இது அம்பாசடர் இல்லீங்க. அது வர்றதுக்கு முப்பது வருஷம் முந்தின வண்டி” என்றார் பிரகாஷ்.

பெரியப்பா முகம் சுருங்கிவிட்டது. “அப்போ அம்பாசடரைவிட ஒசத்தியா, கம்மியா?”

“பழசுங்க.”

“ஒசத்தின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன் மாப்ள, பந்தியில பத்துப் பேர் கேக்கறாங்க இல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். பிரகாஷ் சிரிக்கவில்லை, விளக்கின் வடிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மதிவதனிக்குப் பெருமையாக இருந்தது. சபையில் தன் புருஷனுக்கு மட்டும் தெரிந்த ஒன்று.

அந்தக் கல்யாணத்திலிருந்து செய்தி பரவியது. வீட்டை இடிக்கும்போது பெட்டியில் கிடைத்தது, பரணில் கிடைத்தது என்று ஆட்கள் புங்கமரத்தடிக்குப் படத்தோடு வர ஆரம்பித்தார்கள். அவர் வேலை செய்கிற விதம் தனி. இன்டர்நெட்டில் இருக்கிற குறிப்புகள் எல்லாம் வண்டியின் முன்பக்கத்தைப் பார், கம்பெனி முத்திரையைப் பார் என்றுதான் தொடங்கும். நம் ஊர்ப் படங்களில் முன்பக்கமே தெரியாது. புது வண்டி வந்தால் பூஜை, பூஜை போட்ட அன்றுதான் படம். முத்திரை மேல் மாலை தொங்கும், மாலைக்கு மேல் வாழை மரம் சாயும், மிச்சத்தைச் சந்தனம் மூடும். அதனால் பிரகாஷ் பின்னாலிருந்து வருவார். சக்கரத்தில் எத்தனை ஆரக்கால், எஞ்சின் மூடியின் பக்கவாட்டில் காற்றுப் போக எத்தனை கீற்று, மட்கார்டு எங்கே வளைகிறது என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணுவார். எண்ணி முடித்து நோட்டில் எழுதுவார். தெரியாவிட்டால் தெரியாது என்பார்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் சினேகா வந்தாள். செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துக்கு எதிர்ச் சந்தில், ஒரு காபிக் கடையின் மாடியில், பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுத்தம் செய்து சட்டம் போட்டுத் தருகிற ஸ்டுடியோ வைத்திருந்தாள். முப்பது வயது, நெட்டை, சென்னையில் படித்தவள். அவளிடம் இருந்த மெஷினில் படத்தில் மிளகளவே இருக்கிற விளக்கைத் திரை முழுவதும் பெரிதாக்கிக் காட்ட முடியும். பூதக்கண்ணாடி மூலைக்குப் போனது. தினமும் மாலை ஏழு மணிக்கு அவள் படத்தின் துண்டுகளை அனுப்புவாள், பிரகாஷ் மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து போனில் பேசுவார்.

மதிவதனி துணி மடிக்கிற சாக்கில் கேட்டுக்கொண்டிருப்பாள். “ரெண்டு லாம்ப்பும் ஜோடி இல்ல சினேகா, வலது பக்கத்துது பின்னால மாத்துனது, உத்துப் பாரு” என்பார். அந்தப் பக்கம் அவள் ஏதோ சொல்ல, இவர் வாய்விட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு வீட்டுக்குள் வந்ததே இல்லை. படியிலேயே முடிந்துவிடும். இறங்கி வரும்போது வழக்கமான முகத்தோடு வந்து, சாப்பிடலாமா என்பார்.

ஒருமுறை மதிவதனி எட்டுக்கல் மூக்குத்தியை மாற்றி ஒற்றைக்கல் போட்டாள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். சாம்பல் பூத்த படத்தில் சக்கரத்தின் பன்னிரண்டு மரக்காலை எண்ணுகிற கண்ணுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறவளின் மூக்கில் ஏழு கல் குறைந்தது தெரியவில்லை.

அவர் குளிக்கப் போகும்போது போனை எடுத்துப் பார்த்திருக்கிறாள். ஒருமுறை அல்ல, பலமுறை. சக்கரம், விளக்கு, கதவுக் கைப்பிடி. அதற்குக் கீழே இன்னொரு சக்கரம். வேறு ஏதாவது இருந்திருந்தால் கேட்டிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம், அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒரு சக்கரத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் சினேகா அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டாள். அண்ணா என்று கூப்பிட்டிருந்தால் மதிவதனிக்குப் பாதிப் பாரம் இறங்கியிருக்கும். ஒருநாள் கேட்டும்விட்டாள்.

“அந்தப் பொண்ணு ஏன் உங்களை அண்ணான்னு கூப்பிட மாட்டேங்குது?”

பிரகாஷ் இட்லியைப் பிட்டபடி யோசித்தார். “தெரியலையே மதி. கேக்கட்டுமா?”

“வேணாம்.”

“கேட்டாத்தானே தெரியும்.”

“வேணாம்னு சொன்னேன் இல்லீங்க.”

அவர் சரியென்று தலையாட்டி இன்னொரு இட்லி வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான் அந்த விசாரணை.

கடைசியாக வந்தது அப்பாதுரையின் படம். அப்பாதுரைக்கு அடி அண்ணாமலையில் நிலம். வேங்கிக்காலில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். கிரகப்பிரவேசத்துக்குள் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, அடியில் வண்டியின் பெயரையும் போட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. நூறு வருடத்துப் படம். காரை வெட்டிப் பின்னால் பலகை கட்டி மூட்டை ஏற்றுகிற வண்டியாக மாற்றியிருந்தார்கள். ஆயுத பூஜை. எஞ்சின் மூடியைப் பட்டு வேட்டி மறைத்திருந்தது, முன்பக்கத்தை இரண்டு வாழை மரம் மறைத்திருந்தது. தெரிந்தது ஒரு சக்கரம். அதன் பக்கத்தில் வெறுங்காலோடு வரிசையாக நிற்கிற ஐந்து பெண்கள்.

ஃபோர்டா, டாட்ஜா என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் மரக்கால் சக்கரம். வித்தியாசம் அளவில் இருக்கிறது. ஃபோர்டு என்றால் குறுக்களவு முப்பது அங்குலம், டாட்ஜ் என்றால் முப்பத்திரண்டு. படத்தில் இருக்கிற சக்கரத்தை எதை வைத்து அளப்பது? சக்கரத்தடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்தார். எலுமிச்சை ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அப்புறம்தான் அந்த ஐந்து பெண்கள் மேல் கண் போனது.

இதெல்லாம் மதிவதனிக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பிரகாஷ் அவளிடம் வந்து, “மதி, நாளைக்குக் காலையில வேங்கிக்கால் வரைக்கும் வா, உன்னை ஒரு போட்டோ எடுக்கணும்” என்றார்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவர் அப்படிக் கேட்டதில்லை. எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் கலைந்துவிடும் என்று பயந்தாள். விவரமெல்லாம் சொல்லிவிட்டதாகவே அவர் நினைத்திருப்பார். மனதுக்குள் பேசியதையும் வாயால் பேசியதையும் அவர் எப்போதும் குழப்பிக்கொள்வார்.

ஞாயிறு காலை அரக்குச் சேலை கட்டினாள், கனகாம்பரம் வைத்தாள். கண்ணாடி முன்னால் நின்றபோது சினேகாவின் நினைப்பு வந்தது. ஒரு கடையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க நேர்ந்தபோது தன் தலை அவள் மூக்கு வரைக்கும்தான் வந்தது. உடனே மாடிவீட்டு ரேவதியிடம் போய், பேங்குக்குப் போட்டுப்போகிற குதிகால் உயர்ந்த செருப்பை இரவல் வாங்கினாள்.

“எங்க மேடம், ரிசப்ஷனா?” என்றாள் ரேவதி.

“அவர் போட்டோ எடுக்கறாராம்.”

“சார் கேமராவை இந்தப் பக்கம் திருப்பிட்டாரா? அப்போ எடுத்துக்குங்க, நாளைக்குக் குடுத்தாப் போதும்.”

வேங்கிக்காலில் காலி மனையில் வேடியப்பனின் மாமனுடைய பழைய ஜீப் நின்றது. பிரகாஷ் அதன் சக்கரத்தை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். எந்நேரமும் எதையாவது அளக்கிறவர்தானே என்று அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். கையை மட்கார்டு மேல் வைக்கச் சொன்னார். பின்பக்கமாகவே நடந்து போய் ஒரு செங்கல் மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“செருப்பைக் கழட்டிடு மதி.”

தரையெல்லாம் நெருஞ்சி. சேலை மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது, காலே தெரியவில்லை.

“கழட்டிட்டேன்” என்றாள்.

ஏழு படம் எடுத்தார். சிரிக்க வேண்டாம் என்றார். பிறகு, சரி சிரி, பரவாயில்லை என்றார். அவள் சிரித்தாள். அந்தப் படத்தை அவர் அவளிடம் காட்டவே இல்லை. அவளும் ரோஷத்தில் கேட்கவில்லை.

அதற்குப் பின் மூன்று வாரம் அவருக்கு ஒரு எண் பிடித்துக்கொண்டது. முப்பத்தொன்றரை. சாப்பிடும்போது நிறுத்திவிட்டு, “முப்பத்தொன்றரைன்னு ஒரு சக்கரம் எந்தக் கம்பெனியிலயும் இல்ல மதி” என்பார். சினேகாவின் சமாச்சாரம் என்று தெரிந்ததால் அவள் காது கொடுக்கவில்லை. “மோர் ஊத்தவா, ரசமா?” என்பாள். அவர் கையை நீட்டுவார். எது ஊற்றினாலும் சாப்பிடுவார். மாலையில் படியில் பேச்சு ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரமானது. கடைசி நாள் காலையில் சினேகா போன் செய்ததும் அந்த முப்பத்தொன்றரையைப் பற்றித்தான்.

எடுப்பன்று சினேகா வந்திருந்தாள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிரகாஷின் அத்தை தங்கம்மாள் மதிவதனியின் காதோரம் குனிந்து யார் அந்தப் பெண் என்று கேட்டாள். போட்டோ கடைக்காரப் பெண் என்று மதிவதனி சொன்னாள்.

“போட்டோ கடைக்காரியா? என் தம்பி போனப்போ அவன் பொண்டாட்டியே இப்படி அழுவல.”

தங்கம்மாள் அதைத் தன் குடும்பத்துக் கதையாகத்தான் சொன்னாள். மதிவதனிக்கு அது தனக்குச் சொன்னதாகப் பட்டது. தனக்கு இன்னும் சரியாக அழுகை வராததையும், அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு வருவதையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். துக்கத்தில்கூட அவள் முந்திக்கொண்டாள்.

காரியம் முடிந்து கீதாஞ்சலி சென்னைக்குத் திரும்பிய பிறகு, ஒரு புதன்கிழமை, பள்ளி விட்டதும் மதிவதனி செங்கம் ரோட்டுக்குப் பஸ் ஏறினாள். பிரகாஷின் நோட்டு ஸ்டுடியோவில் இருக்கிறது என்று வேடியப்பன் சொல்லியிருந்தான். நோட்டு ஒரு சாக்கு. அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார், அந்த நாற்காலிக்கும் சினேகாவின் நாற்காலிக்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். அவர் அவளுக்கு என்னவாக இருந்தார் என்பதை அவள் வாயிலிருந்து ஒருமுறையாவது கேட்டுவிட வேண்டும். அதைக் கேட்காமல் மீதி வாழ்நாளை ஓட்ட முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

காபிக் கடையில் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாடிப்படி இரும்பு. சினேகா எழுந்து ஓடி வந்து கையைப் பிடித்தாள், தண்ணீர் கொடுத்தாள். நாற்காலி இரண்டு இருந்தது. நடுவில் ஒரு மேசை, மேசை முழுவதும் மெஷின். மூன்றடியாவது இருக்கும் என்று மதிவதனி மனதுக்குள் குறித்துக்கொண்டாள். நோட்டைக் கையில் வாங்கிய பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

“அவர் உன்கிட்ட என்னம்மா பேசுவாரு, அவ்ளோ நேரம்?”

சினேகா கொஞ்சம் திகைத்தாள். “வண்டிதான்க்கா. வேற என்ன, சார் பேசுவாரா? எனக்கும் முதல்ல போர் அடிச்சுது. அப்புறம் பழகிப்போச்சு.” டம்ளரை ஓரமாக நகர்த்தி, “எங்கப்பாவும் இப்படித்தான்க்கா, ஒரே விஷயத்தைப் பேசுவாரு. நான் காலேஜ்ல இருக்கும்போதே போயிட்டாரு” என்றாள். அப்புறம் எழுந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். “உங்களுக்கு ஒண்ணு காட்டணும்னு நெனச்சுட்டே இருந்தேன்.”

திரையில் அரக்குச் சேலை கட்டி, மட்கார்டு மேல் கை வைத்து மதிவதனி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் மேல் குறுக்காக ஐந்து சிவப்புக் கோடு. பாதத்தில் ஒன்று, முட்டியில் ஒன்று, முழங்கையில், தோளில், உச்சியில். ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் ஒரு எண். படத்தின் பெயர் ‘ஸ்கேல் டூ’.

ஜீப் சக்கரத்தின் அளவு தெரியும், அதை வைத்துப் பக்கத்தில் நிற்கிற பெண்ணின் முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கணக்குப் போட்டோம் என்று சினேகா விளக்கினாள். பழைய படத்தில் ஐந்து பெண்களின் முழங்கையையும் சராசரி எடுத்து, அதே உயரம் என்று வைத்துக்கொண்டு, அந்த வண்டியின் சக்கரத்தை அளந்தோம். மதிவதனிக்கு விளக்கம் பாதிதான் காதில் விழுந்தது. தன்னை ஆசையாக எடுத்த படம் என்று இத்தனை நாள் மனதுக்குள் வைத்திருந்தது, இன்னொருத்தியின் மெஷினில், கோடு போட்டுக் கிடந்தது.

“ஸ்கேல் ஒன் எது?” என்று கேட்டாள்.

சினேகா தயங்கினாள். “நான்தான்க்கா. முதல்ல என்னை நிக்க வச்சுத்தான் எடுத்தாரு. நான் அஞ்சடி ஏழு. இவ்ளோ ஒசரத்துல அந்தக் காலத்துல இங்க யாரும் இல்ல சினேகா, சராசரி ஒசரம்னா எங்க வீட்லதான்னு சொல்லிட்டாரு.”

அந்தப் படத்தையும் காட்டினாள். அதே ஜீப், அதே மட்கார்டு. சினேகா பேண்ட்டை மடித்துவிட்டு, நெருஞ்சியில் வெறுங்காலோடு நின்றிருந்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தாள்.

மதிவதனி பார்வையைத் தன் படத்துக்குக் கொண்டுவந்தாள். உச்சிக் கோட்டின் பக்கத்தில் பிரகாஷ் சொல்லிச் சினேகா எழுதியிருந்தாள்: ஐந்தடி மூன்று. மதிவதனியின் உயரம் ஐந்தடி ஒன்று. பள்ளி ஆவணத்தில் இருக்கிறது, கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னதும் அதுதான். பத்தொன்பது வருடம் பக்கத்தில் நடந்த மனிதர், ஜீப் சக்கரம் சொன்னதை அப்படியே நம்பி எழுதிக்கொண்டார். முழங்கைக் கோட்டின் பக்கத்தில் நாற்பது அங்குலம்.

நாற்பது. ரேவதியின் செருப்புக் குதிகால் இரண்டு அங்குலம்.

விகிதக் கணக்குக்கு அவளுக்குத் தாள் தேவையில்லை. நாற்பதுக்கு முப்பத்தொன்றரை என்றால் முப்பத்தெட்டுக்கு எவ்வளவு. ஏழாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். முப்பதுக்கு அரை நூல் கம்மி. முப்பது என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஃபோர்டு.

மூன்று வாரம் சோற்றில் கை வைத்தபடி அவர் தேடிய சக்கரம் அவள் சேலைக்கு அடியில் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். மோரா ரசமா என்று கேட்காமல் அவளும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சினேகா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் அளவு எடுத்துப் பழகிய பெண். “அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க அஞ்சடி மூணுன்னு சார் சொன்னாரு. இப்போ பாத்தா கொஞ்சம் கம்மியா தெரியறீங்க.”

“இந்த ஒரு மாசத்துல குறுகிட்டேன் போல” என்றாள் மதிவதனி.

சினேகா கண் கலங்கி, எழுந்து போய் மேசைக்குப் பின்னாலிருந்து சட்டம் போட்ட பெரிய படத்தைத் தூக்கி வந்து சுவரில் சாய்த்தாள். வாழை மரமும் பட்டு வேட்டியும் ஐந்து பெண்களும். நடுவில் நிற்கிறவள் கொஞ்சம் சிரித்தமாதிரி இருந்தாள். அப்பாதுரை வெள்ளிக்கிழமை எடுக்க வருகிறார் என்றாள். டாட்ஜ் என்று போட்டுவிடலாமா என்று தனக்கு ஒரு யோசனை, முப்பத்தொன்றரை முப்பத்திரண்டுக்குப் பக்கம்தானே. ஆனால் சார் கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை, மட்கார்டு வளைவைப் பார்த்தால் ஃபோர்டு மாதிரி இருக்கிறது, எங்கேயோ ஒரு தப்பு ஒளிந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தத் தப்பு எங்கே என்று தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“சார் உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாராக்கா?”

சொன்னால் ஒரு நிமிட வேலை. சொல்வதென்றால் செருப்பைச் சொல்ல வேண்டும். செருப்பைச் சொன்னால், யாருடைய உயரத்துக்கு எட்ட அதைப் போட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். அதுவும் அந்த உயரத்திடமே. தவிர, ஐந்து வருடமாக அவரைப் பற்றிய ஒவ்வொன்றும் இந்தப் பெண்ணுக்கு முதலில் தெரிந்தது. அவர் சிரிப்பு, அவர் சந்தேகம், அவர் கண்ணாடியின் தூசி, அவர் சாவு. அவரே தேடியும் கிடைக்காத ஒன்று இப்போது மதிவதனியிடம் மட்டும் இருந்தது. அதை மேசை மேல் எடுத்து வைக்க அவளுக்குக் கை வரவில்லை.

“எனக்கு வண்டியைப் பத்தி என்னம்மா தெரியும்” என்றாள்.

நோட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில், கண்ணாடியை அன்றைக்கு நீயா துடைத்தாய் என்று கேட்டாள். ஆமாம்க்கா, வேடியப்பண்ணன் கொடுக்கும்போது மண்ணாக இருந்தது, உங்களிடம் அப்படியே எப்படிக் கொடுப்பது என்றாள் சினேகா. மதிவதனி தலையாட்டிவிட்டு இரும்புப் படியில் இறங்கினாள்.

செருப்பைப் படம் எடுத்த மறுநாளே ரேவதியிடம் கொடுத்துவிட்டிருந்தாள். அப்பாதுரை வீட்டுக் கிரகப்பிரவேசம் நடந்து நாலு மாதமாகிறது. படம் கூடத்தில், நுழைந்ததும் தெரிகிற சுவரில் மாட்டியிருக்கிறது. அடியில் சினேகா அச்சிட்டு ஒட்டிய சீட்டில் ஊர், அடி அண்ணாமலை என்றும், நாள், ஆயுத பூஜை என்றும் இருக்கிறது. மூன்றாவது வரியில் ‘வண்டி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில், பிறகு பேனாவால் எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட மூன்று விரல் அகல இடம் அப்படியே வெள்ளையாக இருக்கிறது.